சேரன்மாதேவிக் குருகுலமும் வ. வே. சு. ஐயரும்

சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதையில், தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே பொத்தேரி என்றொரு நிலையம் உளது. ஒரு காலத்தில் சிற்றூராயிருந்த அவ்விடத்தில் இன்று காலைதோறும் ரயில்களினின்று மாணவர் கூட்டம் திரள்திரளாக இறங்குகின்றது. அருகே ஒரு பெரிய பல்கலைக்கழகம் எழுந்திருக்கின்றது. பல ராஜ்யங்களிலிருந்து வந்த பிள்ளைகள் விடுதிகளில் ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ணுகிறார்கள். எல்லா ஜாதியாரும் ஒன்றாக உண்ணும் இவ்வழக்கம் காலப்போக்கில் தானே வந்தது என்று எண்ணுவோர் பலர். அங்ஙனம் அன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், இதே தென்திசை ரயில் சென்று சேரும் திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிக் கரையிலிருந்த ஒரு சிறு கிராமப் பள்ளியில் இரண்டு சிறுவர் தனியே உணவு கொண்டதன் பொருட்டுத் தமிழ்நாட்டுத் தேசிய இயக்கம் இரண்டாகப் பிளந்தது. அப்பள்ளியை நிறுவியவர் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். தமிழ்நாட்டின் தியாக புருஷர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்க அவருடைய சரிதத்தையும், அவர் பள்ளிக்கு நேர்ந்த கதியையும் இன்று நம் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம். பள்ளிக்கூடம் நடத்துவோரும், நடத்த நினைப்போரும், அதற்குப் பொருளுதவி செய்வோரும் அறிய வேண்டிய விஷயம் அதில் ஒன்று இருக்கின்றது.

ஐயர் 1881-ஆம் ஆண்டு பிறந்தவர். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த வரகனேரியே அவர் ஊர். திருச்சி அர்ச். சூசையப்பர் கல்லூரியில் பயின்று பி. ஏ. பட்டம் பெற்றார், சட்டம் கற்று வக்கீல் ஆனார். சிறிது காலம் திருச்சியிலும், பின்னர் ரங்கூனிலும் தொழில் நடத்தினார். பாரிஸ்டர் பட்டம் பெற்று வரும் நோக்கத்துடன் 1907-இல் லண்டன் சென்று லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். கைநிறையப் பொருளீட்டி, கனவானாய் வாழ்ந்து, ஸர்க்கார் அளிக்கும் பட்டங்களோடு முதுமை எய்துவதற்கு வேண்டிய தகுதிகள் யாவும் அவரிடம் இருந்தன. ஆனால் லண்டனில் அவர் அடைந்த இடம் இந்தியா ஹவுஸ். சியாம்ஜி கிருஷ்ணவர்மா ஏற்படுத்திய அவ்விடுதியில் விநாயக தாமோதர சாவர்க்கரின் நட்பு அவருக்கு வாய்த்தது. அடிமைப்பட்ட தேசத்தில் வக்கீல் தொழிலுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது. பாரிஸ்டர் படிப்பை முற்ற முடித்தும், ஆங்கில மன்னருக்கு ராஜவிசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்துப் பட்டத்தையே உதறிவிட்டார். வக்கீல் தொழிலின் அருமை அறிந்த நாம், அம்மறுப்பின் பெருமையை நன்கு உணர்கிறோம்.

லண்டன் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒரு சம்பவம் பின்னர் நாம் கூறப்போவதற்கு இயைபுடையதாதலின் அதனை இங்கே குறிக்கிறோம். 1909-ஆம் ஆண்டு விஜயதசமியை ஒட்டி லண்டன்வாழ் இந்தியர் ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்தனர். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியடிகள் தலைமை வகிக்க இசைந்தார். உணவு மரக்கறி உணவாக இருத்தல் வேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை. ஐயரும், பின்னாளில் திருச்சியில் புகழ்பெற்ற டாக்டர் தி. சே. சௌ. ராஜனும் சமையற் பொறுப்பை மேற்கொண்டனர். விருந்தன்று மெலிந்த உருவமுடைய ஒருவர் முன்னதாகவே வந்து, காய்கறி நறுக்குவதிலும் பாத்திரம் கழுவுவதிலும் உற்சாகத்தோடு ஈடுபட்டார். அவர்தாம் விருந்தின் தலைவர் என்பது ராஜனுக்கு வெகுநேரம் வரையில் தெரியாது. இந்துக்களும் முகமதியரும் பார்ஸிகளும் எவ்விதப் பேதமுமின்றிப் பழகிய கூட்டம் அது. அத்தகைய கூட்டத்துக்குத் தம் கையால் சமைத்தவர் ஐயர். ஆதலால் அவருடைய சொந்த மனத்தில் ஜாதிச் செருக்கு இருந்ததென்று கூறுவார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

1909 ஜூலையில் மதன்லால் திங்க்ரா லண்டனில் கர்ஸன் வைலியைச் சுட்டுக் கொன்ற பிறகு இந்தியா ஹவுஸ் வாசிகள்மீது போலீஸாரின் கண் கடுமையாக விழுந்தது. 1910-இல் சாவர்க்கர் சிறைப்பட்டார். ஐயர் மாறுவேடம் பூண்டு ஐரோப்பாவினின்று தப்பினார். அவ்வாண்டு டிசம்பரில் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரி வந்து சேர்ந்தார். அங்கே சுப்பிரமணிய பாரதியாரும் அரவிந்தரும் ஏற்கெனவே புகலடைந்திருந்தனர். பத்தாண்டுக் காலம் ஐயர் அவ்வூரில் வாழ்ந்தார். 1911 ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் ஐயரே என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதியிருக்கின்றனர்.

புதுச்சேரியில் அவருடைய எழுதுகோலும் ஓய்ந்திருக்கவில்லை. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1916-இல் வெளியிட்டார். தமிழ்ச் சிறுகதைக்கு வித்திட்டோருள் ஒருவர் எனக் கொண்டாடப்படுதற்குக் காரணமான கதைகளை எழுதினார். யுத்தம் முடிந்து மன்னிப்பு வழங்கப்பட்ட பின்னர் 1920-இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் திரும்பினார். துப்பாக்கியில் நம்பிக்கை வைத்திருந்தவர் காந்தியடிகளின் அஹிம்சைக்கு மாறினார். சென்னையில் தேசபக்தன் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அதில் வந்த எழுத்தின் பொருட்டு ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பெற்று 1921-இல் ஒன்பது மாதத் தண்டனை அடைந்தார். பல்லாரிச் சிறையில் அவர் செய்த வேலை கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதியது.

சிறையினின்று வெளிவந்த ஐயர் கல்வித்துறையில் இறங்கினார். அக்காலத்தில் ஒத்துழையாமை இயக்கத்தின் பொருட்டு ஸர்க்கார் பள்ளிகளைத் துறந்த மாணவர்களுக்கு வேறு புகலிடம் வேண்டியிருந்தது. பள்ளிகளிலோ ஆங்கிலமே அரசு செலுத்தியது. தமிழ் வாசற்படியில் நின்றது. மாணவன் உடல் உழைப்பை இழிவாகக் கருதக் கற்றானேயன்றி, நிலத்தையும் கைத்தொழிலையும் நேசிக்கக் கற்றானில்லை. இக்குறையைத் தீர்க்கும் நோக்கத்துடன் 1922-இல் சேரன்மாதேவியில் பரத்துவாஜ ஆசிரமத்தையும், அதன்கண் தமிழ்க் குருகுலத்தையும் ஐயர் தோற்றுவித்தார். தமிழிலேயே பாடங்கள், இலக்கியத்தோடு விஞ்ஞானம், படிப்போடு தேகப்பயிற்சி, ஏட்டோடு தொழில். மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்தில் வாழ்ந்து, ஒருவர் வாழ்க்கையைப் பார்த்து மற்றவர் கற்கும் முறை அது. குருகுலத்திலிருந்து பாலபாரதி என்னும் பத்திரிகையையும் நடத்தினார். பெரிய உத்தியோகத்துக்கு ஏற்ற கல்வியுடையார் ஒருவர், கிராமத்தில் அமர்ந்து சிறுவர்களுக்கு அரிச்சுவடி முதற்கொண்டு தேச சேவை வரையில் கற்பிக்க முன்வந்தது நம் நாட்டில் அரிதாகக் காணப்படும் காட்சியாகும்.

இதற்குப் பணம் வேண்டாமா? ஜனங்கள் கொடுத்தார்கள். செட்டிநாட்டுத் தனவணிகர்கள் கொடுத்தார்கள். கடல் கடந்து வாழும் தமிழர்கள் கொடுத்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக வாக்களித்து, அதில் ஐயாயிரத்தைக் கொடுத்தது. கொடுத்தவர்களுள் மிகப் பலர் பிராமணரல்லாதார் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தேசத்தின் பிள்ளைகள் அனைவர்க்கும் பொதுவான பள்ளி என்று நம்பியே அவர்கள் கொடுத்தார்கள்.

நிற்க. 1924-ஆம் ஆண்டு இறுதியில் ஒரு செய்தி பரவலாயிற்று. குருகுலத்தில் பிராமண மாணவர் இருவர் மற்றவரோடு ஒரே பந்தியில் அமராமல் தனியே உண்ணுகின்றனர் என்பதே அச்செய்தி. ஐயர் தரப்பார் கூறிய விளக்கம் யாதெனின், மற்ற மாணவர் அனைவரும் பேதமின்றி ஒன்றாகவே உண்கின்றனர். அவ்விருவரின் பெற்றோர் மட்டும் தனி உணவு வேண்டும் என்ற நிபந்தனையுடன் பிள்ளைகளைச் சேர்த்தனர். அதற்கு ஐயர் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கை மீறுதல் தகாது என்பதாம். எதிர்த்தரப்பார் கூறியது, பேதம் இருவரோடு நிற்கவில்லை. எண்ணிக்கை எதுவாயினும், பொதுப்பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளியில் பிறப்பினால் ஒரு பந்தியும் மறு பந்தியும் உண்டாதல் பொறுக்கத்தக்கதன்று என்பதாம். டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு தம் தமிழ்நாடு பத்திரிகையில் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். பெரியார் என்று பின்னாளில் நாடறிந்த ஈ. வெ. ராமசாமி அவர்களும் அக்கண்டனத்தில் முன்னின்றார்.

இரண்டு சிறுவரின் சாப்பாட்டுக்கு இத்துணைக் கலகமா என்று இன்று ஒருவர் கேட்கலாம். அக்காலத்து நிலையை அறிந்தோர் அங்ஙனம் கேளார். அப்பொழுது சென்னை மாகாணத்தில் ஜஸ்டிஸ் கட்சி மந்திரி சபை நடைபெற்றது. காங்கிரஸ் பிராமணருடைய ஸ்தாபனம் என்றும், சுயராஜ்யம் வந்தால் அது பிராமண ராஜ்யமாகவே முடியும் என்றும் அக்கட்சியார் ஊர்தோறும் பேசி வந்தனர். அதனை மறுத்து, சுயராஜ்யம் எல்லோர்க்கும் உரியது என்று மேடைதோறும் வாதாடியவர்களுள் நாயுடுவும் ராமசாமியும் முதன்மையானவர். மேலும் அதே 1924-ஆம் ஆண்டில் திருவிதாங்கூரிலுள்ள வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கும் உரிமைக்காகக் காங்கிரஸார் சத்தியாக்கிரகம் நடத்திக்கொண்டிருந்தனர். ராமசாமி அப்போரில் இருமுறை சிறை சென்றவர். வைக்கத்தில் தெருவைத் திறக்கச் சொல்லும் ஸ்தாபனம், சேரன்மாதேவியில் பந்தியைப் பிரிக்க இடங்கொடுத்தால், அதன் சொல்லை யார் மதிப்பர்? அவர்கள் பட்ட வேதனையின் மூலம் இதுவேயாகும்.

1925 மார்ச்சில் காந்தியடிகள் சென்னை வந்தபோது வழக்கு அவர் முன் வைக்கப்பட்டது. ஐயர் கொடுத்த வாக்கை மதித்து அவ்விரு சிறுவரை மட்டும் இப்பொழுதுள்ளபடி விட்டுவிடலாம். இனிமேல் தனிப்பந்தி கேட்கும் எவரையும் சேர்க்கலாகாது என்பது அடிகள் காட்டிய சமரச வழி. எதிர்த்தரப்பார் அதனால் திருப்தியடையவில்லை. ஏப்ரல் இறுதியில் திருச்சியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி கூடியது. தேசிய இயக்கத்தில் சேர்ந்த ஸ்தாபனங்கள் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்று எஸ். ராமநாதன் கொணர்ந்த தீர்மானம் நிறைவேறியது. அதனை அடுத்து எழுந்த பூசலில் ராஜகோபாலாச்சாரியார், டாக்டர் ராஜன், கே. சந்தானம் முதலியோர் கமிட்டியினின்று விலகினர். ஒரே சிறையில் ஒன்றாகக் கஞ்சி குடித்தவர்கள் ஒருவரையொருவர் ஐயுறும் நிலை வந்தது.

ஐயர் குருகுலத்தின் தலைமையைத் துறந்தார். 1925 ஜூன் மாதத் தொடக்கத்தில் மாணவர்களோடு பாபநாசம் சென்றார். அங்கே கல்யாண தீர்த்தத்து அருவியில் அவர் மகள் சுபத்திரை தவறி விழுந்தாள். அவளைக் காக்கத் தாமும் குதித்த ஐயர், வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டு அவளோடு உயிர் நீத்தார். நீச்சலில் வல்லவர் எனப் பேர்பெற்ற அவர் நீரிலேயே முடிந்தார். அவருக்கு அப்போது வயது 44. லண்டன் போலீஸாரும், புதுச்சேரி ஒற்றரும், பல்லாரிச் சிறையும் கொள்ளமுடியாத உயிரைத் தாமிரபரணி கொண்டது. நிறுவியவரை இழந்த குருகுலம் பின்னர் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

அவர் மறைவோடு வழக்கு முடிந்ததா? இல்லை. அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரத்தில் திரு. வி. கலியாணசுந்தர முதலியார் தலைமையில் நடந்த ராஜீய மகாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடமில்லாமற் போகவே, ராமசாமி காங்கிரஸை விட்டு வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் தனி வழி கண்டது. அப்பிரிவுக்குக் காரணங்கள் பல. ஆயினும் சேரன்மாதேவிப் பந்தி அவற்றுள் தலையாய ஒன்று என்பதை இருதரப்புச் சரித்திரக்காரரும் ஒப்புகின்றனர். தமிழ்நாட்டின் பிற்கால அரசியல் எடுத்த திருப்பத்தில், ஒரு கிராமப் பள்ளியின் சமையற்கட்டுக்கும் பங்கு உண்டு.

இனி, இவ்வழக்கில் நியாயம் யாது? ஐயரின் தியாகத்தை மதிப்பவர்கள் என்ற முறையிலும், சட்டம் பயின்றவர்கள் என்ற முறையிலும் நமது அபிப்பிராயத்தை மறைக்காமற் கூறுகிறோம். ஐயர் தம் வாக்கைக் காக்க நின்றார்; அது நற்குணமே. ஆனால் அவர் கொடுத்த வாக்குகள் இரண்டு. ஒன்று, இரு சிறுவரின் பெற்றோர்க்கு வெளிப்படையாகக் கொடுத்தது. மற்றொன்று, தேசியப் பள்ளி என்ற பெயரை வைத்துப் பொதுஜனங்களிடம் பணம் பெற்றபோது சொல்லாமற் கொடுத்தது. தர்மகர்த்தா ஒருவர் தம் கைப்பட்ட பொதுச்சொத்தைத் தாம் தனியே செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு ஈடாக்குதல் செல்லாது என்பது வக்கீல் யாவரும் அறிந்த நியாயம். பெற்றோர் வந்து நிபந்தனை கூறிய அன்றே, இப்பள்ளியில் அதற்கு இடமில்லை என்று சொல்லும் உரிமை ஐயருக்கு இருந்தது, கடமையும் இருந்தது. அன்று ஒரு சிறு சொல்லால் முடிந்திருக்க வேண்டிய காரியம், பின்னர் காந்தியடிகளின் சமரசத்தாலும் முடியாத காரியமாயிற்று.

கம்பனில் தோய்ந்த ஐயர் அறியாத காட்சியன்று குகன் கங்கைக் கரையில் தேனும் மீனும் கொண்டுவந்து இராமன் முன் வைத்தது. இராமன் அன்பை ஏற்கின்றான்; உண்டதாகவே கொள்வோம் என்கின்றான்; குகனைத் தம்பியாகவும் கொள்கின்றான். ஆனால் உண்டானில்லை. தவக்கோலத்தில் இருந்த இராமனுக்கு அது பொருந்தும். நம் நாட்டு மேன்மக்களோ தவக்கோலம் இல்லாமலே அவ்வழியைப் பின்பற்றி, அன்பைச் சொல்லால் ஏற்று, இலையை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருக்கின்றனர். மேடையிலே தம்பி, பந்தியிலே அயலான் என்ற இவ்வழக்கத்தைச் சிறுவன் ஒருவன் பள்ளியில் நாள்தோறும் இருவேளை கண்ணாற் கண்டால், சமத்துவத்தைப் பற்றி ஆசிரியர் பகலெல்லாம் கூறும் பாடம் அவன் நெஞ்சில் எங்ஙனம் பதியும்? குருவின் வாழ்க்கையைப் பார்த்துக் கற்பதே குருகுலம் என்றால், அங்கே அடுப்படியும் ஒரு வகுப்பறையே அன்றோ!

இதனைக் கடந்தகாலக் கதை என்று வாசகர்கள் தள்ளிவிடுதற்கு இல்லை. ஐயர் புதுச்சேரியினின்று திரும்பிய அதே 1920-இல், சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு அளிக்கத் தொடங்கியது. 1956 முதல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு ராஜ்யமெங்கும் பரவியது. 1982-இல் எம். ஜி. ராமச்சந்திரன் ஆட்சி அதனைச் சத்துணவாக விரித்தது. 2022 முதல் காலை உணவும் சேர்ந்தது. இவற்றைப் பசி தீர்க்கும் திட்டங்கள் என்றே பலரும் பேசுகின்றனர். சேரன்மாதேவியை நினைப்போர்க்கு அவை வேறொன்றாகவும் தோன்றும்: ஐயர் தம் குருகுலத்தில் இடத் தவறிய ஒரே பந்தியை, தமிழ்நாட்டுக் கிராமங்கள்தோறும் ஸர்க்கார் சட்டி வைத்து இட்டிருக்கின்றது.

ஆயினும் அப்பந்தியும் இன்னும் பத்திரமாக இல்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது என்று ஊரார் சிலர் கிளம்பினர். அவ்வம்மையாரை வேறிடத்துக்கு மாற்ற அதிகாரிகளும் முதலில் இணங்கினர். நாடெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே அவர் அதே பள்ளியில் நிலைநிறுத்தப்பட்டார். நூறு ஆண்டுக்கு முன் பெற்றோர் இருவர் வைத்த நிபந்தனையே புதிய வேஷத்தில் வந்து நின்றது. அன்று ஐயர் இணங்கியவாறே இன்று அதிகாரிகளும் முதலில் இணங்கினர். தீயவர் என்பதனால் அன்று. சச்சரவு வேண்டாம், பள்ளி நடந்தாற் போதும் என்ற எண்ணத்தினால். பள்ளி நடப்பதற்காகவே பள்ளியின் உயிரை விட்டுக்கொடுத்தல் இவ்வாறுதான் நேர்கின்றது.

ஆதலின் கிராமங்களில் பள்ளி தொடங்கும் தேசத் தொண்டர்களுக்கு நாம் கூறுவது இதுவே. கட்டடம் சிறிதாக இருக்கலாம். கூரை ஓலையாக இருக்கலாம். ஆசிரியர் ஒருவராக இருக்கலாம். இவை காலத்தில் வளரும். ஆனால் சேர்க்கைப் புத்தகத்தில் முதற்பெயர் எழுதுமுன்னரே, இங்கே பந்தி ஒன்று, தண்ணீர்ப் பானை ஒன்று என்பதை ஊரறியச் சொல்லிவிடுங்கள். அதற்கு இசையாதவர் கொண்டுவரும் பணத்தையும், அவர் அனுப்பும் பிள்ளையையும் வணக்கத்துடன் திருப்பி விடுங்கள். நல்லோர் ஒருவர் அதனைச் செய்யத் தவறியமையால் தமிழ்நாடு ஓர் அரிய பள்ளியை இழந்தது; உடன்பிறந்தார்போல் உழைத்த தலைவர்கள் பிரிந்தனர். வரகனேரி ஐயரின் வீரத்தையும் துறவையும் தமிழ்ப் பற்றையும் நம் பிள்ளைகள் கற்கட்டும். அவர் நிறுத்திய இடத்திலிருந்து குருகுலத்தை மேலே கொண்டு செல்லும் கடமை நம்முடையது.